சம்பல் நின்ற வாய்க்கால்

பத்து காஜா
12 பிப்ரவரி 2024

அண்ணே,

நீயும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டும். மழை நாளில் உன் இடது கால் உன்னைப் படுத்தாமல் இருக்க வேண்டும். நான் நன்றாக இருக்கிறேன், உனக்குப் பிடிக்காத அளவுக்கு நன்றாக.

மூன்று வருடமாக என் குரலைக் கேட்கமாட்டேன் என்கிறாய். போன் அடித்தால் அண்ணிதான் எடுக்கிறார். "உங்கண்ணன் குளிக்கிறாரு லா." ஒரு மனிதன் இத்தனை முறை குளித்தால் சளி பிடித்துச் செத்துப்போவான். குரல்தானே ஆகாது? எழுத்தைப் படி.

ஈப்போவில் கிளார்க் வேலையை விட்டுவிட்டுக் குதிரை லாயத்துக்கு வந்துவிட்டேன் என்றுதான் உனக்குக் கோபம். இருக்கட்டும். இது நம் அப்பாவும் அம்மாவும் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய அதே தோட்டம். இப்போது இதை வக்கீல் உடையப்பன் வாங்கிக் குதிரையேற்ற கிளப் நடத்துகிறார். குதிரைகளைத் தேய்ப்பது, சாணம் அள்ளுவது, காலையில் நடக்கக் கூட்டிப்போவது என் வேலை.

போன ஜூலையில் ஒரு குதிரை வந்தது. நான்கு வயது. பந்தயத்தில் ஓட மறுத்ததால் மலிவாகக் கொடுத்துவிட்டார்கள். செம்பழுப்பு நிறம், தொட்டால் காரம். நம் மிளகாய்ச் சம்பல் மாதிரியே இருப்பதால் சம்பல் என்று பெயர் வைத்திருக்கிறேன். இவனைக் காடு மேடெல்லாம் ஓடித் தடைகள் தாண்டப் பழக்க வேண்டுமாம். விழுந்த மரம், மேட்டுப்படி, குட்டை, வாய்க்கால் என்று பதினொரு தடைகள்.

உடையப்பன் நேற்று சொன்னார்: "ஆகஸ்ட் வரைக்கும் டைம். ஓடவும் மாட்டான், தாண்டவும் மாட்டான்னா எதுக்குத் தீனி போடறது? ஊசி போட்டு முடிச்சிட வேண்டியதுதான்."

"தாண்டுவான் பாஸ்" என்றேன். சிரித்தார். எனக்கு வந்த கோபத்தில் சாண வாளியை உதைத்தேன், கால் விரல் வீங்கிவிட்டது. அதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

உன் வாசலை மிதிக்காத தங்கை,
நவமணி


பாரிட் புந்தார்
3 மார்ச் 2024

நவமணிக்கு,

இங்கே எல்லாரும் நலம். கால் இருக்கிற மாதிரி இருக்கிறது. உனக்குப் புளி அனுப்பச் சொல்லி அண்ணி நச்சரிக்கிறாள். அனுப்பவில்லை.

வந்த கடிதத்துக்குப் பதில் போடாமல் இருப்பது மரியாதை இல்லை. அதனால் எழுதுகிறேன்.

ஒன்பது வருடம் பந்தயக் குதிரை ஓட்டியவன் நான். எல்லாம் ஒரு காலையில் முடிந்துவிட்டது. குதிரை திரும்பியது, நான் வேலியில் மோதினேன். ஊருக்கே தெரிந்த கதை, அதில் சொல்ல வேறொன்றும் இல்லை. இப்போது அரிசி ஆலை லாரி ஓட்டுகிறேன். லாரி யாரையும் கீழே தள்ளாது.

நீ கயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே நட. மேலே ஏறாதே. ஏறினாய் என்று தெரிந்தால் இந்தக் கடிதமும் நின்றுவிடும்.

தர்மா


பத்து காஜா
20 மார்ச் 2024

அண்ணே,

உன் பதினைந்து வரியைப் பத்து முறை படித்தேன். அண்ணியின் சர்க்கரை குறைந்ததா? எனக்குக் கால் விரல் சரியாகிவிட்டது. நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

நான் ஏற நினைத்தாலும் இங்கே விடமாட்டார்கள். லாயத்துச் சுவரில் போர்டே இருக்கிறது: "ஊழியர்கள் தாண்டும் பாதையில் குதிரை மேல் ஏறக் கூடாது." காலையில் குதிரைக்கு உடம்பு சூடேற மெல்ல ஓட்டலாம், அவ்வளவுதான். பாதையில் ஏறுவது உடையப்பனின் மகள் விசாலி. ஆஸ்திரேலியாவில் படித்துவிட்டு வந்தவள், வயது இருபத்திரண்டு. நல்ல பெண்தான். குதிரைக்கு "ப்ளீஸ்" சொல்வாள்.

கீழே நின்று பழக்குவது எல்லாம் நான். முதல் வாரம் தரையில் ஒரு கம்பைப் போட்டேன். சம்பல் அதை மோந்து பார்த்துவிட்டுப் பல்லால் தூக்கி எறிந்தான். இரண்டாவது வாரம் காலைத் தூக்கி வைத்தான். பிறகு சாய்ந்து கிடந்த ரப்பர் மரம். நீளக் கயிற்றில் விட்டு மெல்ல ஓடவைத்தேன், மரத்தருகே வந்ததும் பூனை மாதிரி எம்பினான். தேவைக்கு மேல் இரண்டடி உயரம்! நான் கத்திய கத்தலில் மற்ற குதிரைகள் எல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தன.

அம்மா நிரை பிடித்து, வரிசை வரிசையாக மரம் வெட்டிப் பால் எடுத்த குன்றின் படிகளில் இப்போது இவன் ஏறி இறங்குகிறான். ஈயம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறதே, அந்த ஈயக் குட்டையில் வயிறு நனைய நடக்கிறான். மேய்ச்சலுக்குத் தினமும் எட்டு வாய்க்கால் கடந்து கூட்டிப்போகிறேன். இந்தக் குதிரை சாகாது அண்ணே. நான் விடமாட்டேன்.

சாண வாசனையோடு,
நவமணி


பாரிட் புந்தார்
14 ஏப்ரல் 2024

நவமணிக்கு,

புத்தாண்டு வாழ்த்து. அண்ணிக்குச் சர்க்கரை குறையவில்லை, வாயும் குறையவில்லை. கோவிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்தாள். தடுக்கவில்லை.

எனக்கு அக்கறை ஒன்றும் இல்லை. ஆனாலும் ஈயக் குட்டை என்று எழுதியிருக்கிறாய். அடியில் சேறா, மணலா என்று முதலில் நீ இறங்கிப் பார்த்தாயா? சேற்றில் ஒரு முறை கால் மாட்டினால் அந்தக் குதிரை வாழ்நாளில் தண்ணீரை நம்பாது.

புளி அனுப்பியிருக்கிறேன்.

தர்மா


பத்து காஜா
22 மே 2024

அண்ணே,

அண்ணியும் நீயும் நலம் என்று நம்புகிறேன். இன்று என்னால் நலம் என்று எழுத முடியவில்லை.

சனிக்கிழமை விசாலி விழுந்துவிட்டாள். ஐந்து தடை அருமையாகத் தாண்டினான். ஆறாவது வாய்க்கால். வேகமாகப் போனவன் கரையில் அப்படியே நட்டுவைத்த மாதிரி நின்றான். அவள் அவன் தலைக்கு மேல் பறந்து எதிர்க்கரையில் விழுந்தாள். காறை எலும்பு முறிந்துவிட்டது. நான்தான் தூக்கினேன். அந்த வலியிலும் "அவன அடிக்காதீங்க" என்றாள்.

உடையப்பன் கேட்கிற நிலையில் இல்லை. "என் மகளக் கொல்லப் பாத்த குதிர லா இது" என்று எல்லார் முன்னாலும் கத்தினார். ஆகஸ்ட் கிடையாதாம். ஜூலை 15, டாக்டர் ஷர்மினி மற்ற குதிரைகளைப் பார்க்க வரும் நாள், அன்றைக்கே ஊசி. சம்பலின் கொட்டடிக் கதவில் சிவப்புச் சாயத்தில் "ஆபத்து" என்று எழுதிவிட்டார்கள். நான் மண்ணெண்ணெய் போட்டு அழித்தேன். மறுபடி எழுதினார்கள். மறுபடி அழித்தேன்.

விசாலிதான் பயந்து கடிவாளத்தை இழுத்திருப்பாள். இல்லை என்கிறாள். நான் நம்பவில்லை. நல்ல குதிரை சும்மா நிற்குமா? உன் குதிரையும் சும்மா திரும்பியதா? அன்று என்னதான் நடந்தது? ஒரு முறையாவது முழுதாகச் சொல்.

நவமணி


பாரிட் புந்தார்
27 மே 2024

நவமணிக்கு,

இங்கே நலம். அந்தப் பெண்ணின் எலும்பு சீக்கிரம் கூட வேண்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். தினமும் எட்டு வாய்க்கால் கடக்கிறாய் என்று எழுதினாய். எப்படிக் கடக்கிறாய்? உன் கால் என்ன செய்கிறது என்று நாளைக் காலை பார்.

தர்மா


பத்து காஜா
2 ஜூன் 2024

அண்ணே,

நலமாக இரு. உன் கேள்வி என்னைக் கொன்றுவிட்டது.

மறுநாள் காலை பார்த்தேன். முதல் வாய்க்கால் வந்ததும் என் கால் நின்றது. கையில் இருந்த தடியால் கரையில் இரண்டு தட்டு. "ஒதுங்கு சாமி" என்று வாய் சொன்னது. மூன்று மூச்சு பொறுத்தேன். அப்புறம் தாண்டினேன். அம்மா பால் வெட்டப் போகும்போது நம் இருவருக்கும் கற்றுத் தந்தது. உதிர்ந்த இலைக்குள் நல்லபாம்பு படுத்திருக்கும், தட்டாமல் தாண்டாதே. நம் தோட்டத்தில் யார் வாய்க்காலைத் தட்டாமல் தாண்டினார்கள்? எனக்கு அது மூச்சு விடுவது மாதிரி. செய்கிறேன் என்றே தெரியவில்லை.

பத்து மாதம், ஒரு நாளைக்கு எட்டு வாய்க்கால், சம்பல் என் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான். வாய்க்கால் என்றால் நிற்க வேண்டும் என்று படித்துக்கொண்டான். சனிக்கிழமை அவன் தப்பு செய்யவில்லை. நான் சொன்னபடி செய்தான். விசாலியின் எலும்பை முறித்தவள் நான்.

நான் வாயை மூடிக்கொண்டால் வேலை இருக்கும், குதிரை போகும். ஒரு நாள் முழுக்க இதை யோசித்தேன். யோசித்ததற்கு வெட்கப்படுகிறேன். நேராக உடையப்பன் அலுவலறைக்குப் போனேன்.

"பாஸ், குதிர மேல தப்பில்ல. நான்தான் தப்பாப் பழக்கிட்டேன்."

அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. "அப்போ ரெண்டு பேரையும் அனுப்பிடவா?"

"அனுப்புங்க. ஆனா ஜூலை பதினஞ்சு வரைக்கும் டைம் இருக்கு. அதுக்குள்ள மாத்திக் காட்டறேன்."

"காட்டு பாப்போம்" என்றார். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். விசாலியிடம் போய்ச் சொன்னபோது கட்டுப் போட்ட கையோடு சிரித்தாள். "பாம்புகிட்டயெல்லாம் பெர்மிஷன் கேப்பீங்களா அக்கா?" என்றாள். நான் அழுதுவிட்டேன்.

நான் என் தப்பைச் சொல்லிவிட்டேன். நான் கேட்டதற்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை.

நவமணி


பத்து காஜா
25 ஜூன் 2024

அண்ணே,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒன்றுமில்லை. உடம்புக்கு ஏதாவது என்று பயந்து அண்ணியைக் கூப்பிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, யாரோடும் பேசுவதில்லை என்றார்.

சரி. நீ பேசாதே. நான் சொல்வதைக் கேள். தடியை உடைத்து அடுப்பில் போட்டேன். முதலில் என் காலின் பழக்கத்தை மாற்ற வேண்டியிருந்தது. வாய்க்கால் வந்தால் நிற்காமல் ஓடினேன். முதல் நாள் முதுகெல்லாம் வேர்த்துவிட்டது. பாம்பு கடித்தால் கடிக்கட்டும் என்று ஓடினேன். சம்பல் கரையில் நின்று, பைத்தியம் பிடித்துவிட்டதா இவளுக்கு என்று பார்த்தான்.

பிறகு பத்தொன்பது வயதுப் பெண் குதிரையை முன்னால் விட்டேன். அவளை எல்லாரும் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். மேடம் ஒரு வாய்க்காலுக்கும் நிற்கமாட்டாள், அவளுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. ஏழாவது நாள் சம்பல் அவள் பின்னாலேயே நிற்காமல் தாண்டினான். பத்தாவது நாள் மேடம் இல்லாமல் தாண்டினான்.

ஆனால் முதுகில் ஆள் இருந்தால் நிற்கிறான். விசாலிக்கு எலும்பு இன்னும் கூடவில்லை, வேறு யாரும் அவன் மேல் ஏறமாட்டார்கள். அதனால் நான் ஏறுகிறேன். ஆமாம், ஏறுகிறேன். கிளப் பாதைக்கு வெளியே, தோட்டத்துப் பழைய வாய்க்கால்களில். போர்டில் அவற்றைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. பத்தில் ஆறு முறை தாண்டுகிறான். நான்கு முறை நிற்கிறான். மூன்று முறை விழுந்தேன்.

கடிதத்தை நிறுத்துவேன் என்றாயே, நிறுத்திக்கொள். நான் எழுதுவேன்.

நவமணி


பாரிட் புந்தார்
3 ஜூலை 2024

தங்கச்சி,

உடம்பைப் பார்த்துக்கொள். விழுந்த இடத்தில் வீக்கம் இருந்தால் ஐஸ் வை. அண்ணி கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

குதிரை திரும்பவில்லை. நான் திருப்பினேன். வலது பக்கம் ஒரு குதிரை நெருங்கி வந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது. கடிவாளத்தை இடது பக்கம் இழுத்தேன். அது சொன்ன பேச்சைக் கேட்டது, நேராக வேலியில் போய் மோதியது. என் கால் நசுங்கியது. அதற்குச் சிராய்ப்புகூட இல்லை.

ஆஸ்பத்திரியில் விசாரிக்க வந்தார்கள். "அதுவாத் திரும்பிடுச்சு சார்" என்றேன். பயந்தவன் என்று தெரிந்தால் எந்த முகத்தோடு திரும்பி வேலைக்குப் போவது? அந்த ஒரு வார்த்தைதான் சொன்னேன். அபாயக் குதிரை என்று எழுதி, மறுநாள் ஊசி போட்டுவிட்டார்கள். நான் மல்லி என்று கூப்பிடுவேன். என் கையில்தான் தீனி தின்னும்.

பதினேழு வருடம் குதிரை மேல் கோபம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். உன் மேல் கோபம் என்றேன். நீ உன் தப்பை ஒரே நாளில் போய்ச் சொல்லிவிட்டாய். அதைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான்கு முறை ஏன் நிற்கிறான் தெரியுமா? அந்த நான்கு முறையும் நீ கடிவாளத்தில் கையை இறுக்குகிறாய். நீ இறுக்காமல் இருக்கமாட்டாய், எனக்குத் தெரியும், நானும் அந்த அம்மா வளர்த்த பிள்ளைதான். கரைக்கு மூன்று எட்டு முன்னால் கையை விட்டுவிடு. முழுதாக விட்டுவிடு.

ஏறாதே என்று இனிமேல் சொல்லமாட்டேன்.

அண்ணன்,
தர்மா


பத்து காஜா
17 ஜூலை 2024

அண்ணே,

நான் நலம். சம்பல் நலம்! அண்ணிக்கு முதலில் இதைப் படித்துக் காட்டு.

உன் கடிதத்தைப் படித்து அன்று முழுக்க அழுதேன். மல்லிக்காகவும் உனக்காகவும். உன்னைத் திட்ட வேண்டும் என்றும் இருந்தது. நேரில் பார்க்கும்போது திட்டுகிறேன்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு டாக்டர் ஷர்மினி பையோடு வந்துவிட்டார். நான் சம்பலுக்குச் சேணம் கட்டி நிறுத்தியிருந்தேன். உடையப்பன் பார்த்தார். "என்ன இது?"

"மாத்திக் காட்டறேன்னு சொன்னேன். காட்டப் போறேன் பாஸ்."

"நான் தேதிதான் சொன்னேன். பரீட்ச வைக்கறேன்னு சொல்லல. எறக்கு சேணத்த."

போர்டைக் காட்டினார். நான் அந்த போர்டுக்கு முன்னாலேயே ஏறினேன். யாரோ கடிவாளத்தைப் பிடிக்க வந்தார்கள், சம்பல் காதை மடக்கியதும் ஒதுங்கிவிட்டார்கள்.

மரம் தாண்டினான். குன்றுப் படி ஏறினான், இறங்கினான். குட்டையில் தண்ணீர் என் முகம் வரைக்கும் அடித்தது. ஆறாவதாக வாய்க்கால். எல்லாரும் அங்கே ஓடி வந்து நின்றார்கள். என் விரல்கள் இறுகுவது தெரிந்தது. மூன்று எட்டு இருக்கும்போது கையை விட்டேன் அண்ணே. கடிவாளம் அவன் கழுத்தில் தொங்கியது. அவன் காதுகள் ஒரு முறை பின்னால் வந்து என்னைக் கேட்டன. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனே தாண்டினான்.

மீதி ஐந்தும் எப்படித் தாண்டினோம் என்று நினைவில்லை.

திரும்பி வந்தபோது டாக்டர் பையைப் பூட்டிக்கொண்டிருந்தார். "இந்தக் குதிரைக்கு ஊசி போட நான் கையெழுத்துப் போடமாட்டேன் லா. வேற டாக்டரப் பாருங்க."

உடையப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்போ குதிரயும் வேணாம், நீயும் வேணாம். இன்னிக்கே வெளிய போங்க." விசாலி முன்னால் வந்தாள். "அப்பச்சி, என் பேர்லதான இவன வாங்கினீங்க? நான் அக்காவுக்குக் குடுக்கறேன்." டாக்டரின் காரின் மேல் ஒரு தாளை வைத்து இடது கையால் எழுதிக் கொடுத்தாள். எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கிறது. எனக்குப் போதும்.

வேலை போய்விட்டது. லாயத்து அறையும் போய்விட்டது. வாசல் வழியாக நானும் சம்பலும் நடந்தே வந்தோம், ரோட்டில் லாரிகள் எல்லாம் ஹாரன் அடித்தன. டாக்டர் தன் வீட்டுப் பின்னால் இரண்டு வாரம் கட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். அப்புறம் எங்கே என்று தெரியாது. உன்னிடம் இடம் கேட்கவில்லை. செய்தியைத்தான் சொல்கிறேன். எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை.

நவமணி


பாரிட் புந்தார்
22 ஜூலை 2024

தங்கச்சி,

நாங்கள் நலம். உன் கடிதத்தை அண்ணிக்கு இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை அவளே பிடுங்கிப் படித்தாள். மல்லியைப் பற்றியும் அவளிடம் சொல்லிவிட்டேன். ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் தோசை போட்டாள்.

நீ கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். வரும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஆலை லாரியோடு டாக்டர் வீட்டுக்கு வருகிறேன். முதலாளி எதற்கு என்று கேட்டார். குதிரை ஏற்ற என்றேன். சிரித்தார். சிரித்துவிட்டுப் போகட்டும். லாரித் தரைக்கு வைக்கோல் சேர்த்துவிட்டேன். நெல் அறுத்த வயல் ஒன்று வீட்டுக்குப் பின்னால் சும்மாதான் கிடக்கிறது. சுற்றி நான்கு பக்கமும் வாய்க்கால்.

வந்ததும் அவனை இறக்கித் தண்ணீர் காட்டுவோம். களைப்பாற ஒரு மணி நேரம் விடுவோம். அப்புறம் நான் ஏறப்போகிறேன். கால் முழுதாக மடங்காது, எனக்குத் தெரியும். வயது நாற்பத்து மூன்று, அதுவும் தெரியும். கை நடுங்கும். நடுங்கட்டும், வாய்க்கால் வந்ததும் கையை விட்டுவிடுவேன். அண்ணி அழுவாள், நீ கத்துவாய். இரண்டு பேரும் தள்ளி நில்லுங்கள்.

அண்ணன்,
தர்மா